மாகாணங்களைக் கேட்காமல் இயற்றப்படும் சட்டங்கள்

2017ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தின் அடுத்தடுத்த இரண்டு நாட்களை, இலங்கையின் அரசியலமைப்பு வரலாற்றை எழுத முற்படுவோர் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என நான் பல தடவை எண்ணியதுண்டு. அம்மாதம் 21ஆம் திகதி, புதிய அரசியலமைப்பை வரையும் பணியில் ஈடுபட்டிருந்த வழிநடத்தற் குழுவின் இடைக்கால அறிக்கை அரசியலமைப்புப் பேரவையில் சமர்ப்பிக்கப்பட்டது. பாராளுமன்றத்திற்கு இரண்டாவது சபை ஒன்று வேண்டும், அதன் 55 உறுப்பினர்களில் 45 பேர் மாகாண சபைகளிலிருந்து, ஒவ்வொரு மாகாணத்திற்கும் ஐவர் வீதம் வரவேண்டும் என அவ்வறிக்கை முன்மொழிந்தது. தேசிய சட்டவாக்கத்தில் மாகாணங்களுக்கு நேரடியான பங்கு கிடைக்கும் என்ற நம்பிக்கை அன்று பலருக்கும் இருந்தது.

ஆனால், அதற்கு முதல்நாள், 20ஆம் திகதி, அதே பாராளுமன்றம் மாகாண சபைகள் தேர்தல் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. ஒன்பது மாகாண சபைகளும் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமற் போனதற்கு அந்தச் சட்டமே வழிவகுத்தது. இரண்டாவது சபைக்கு உறுப்பினர்களை அனுப்ப வேண்டிய சபைகளுக்கு, அச்சபையை முன்மொழிவதற்கு ஒரு நாள் முன்னரே முடிவு எழுதப்பட்டிருந்தது.

மாகாண சபைத் தேர்தல் ஏன் நடக்கவில்லை என்ற கேள்வி அடிக்கடி எழுப்பப்படுகிறது. அதற்குத் தரப்படும் பதில்கள் பெரும்பாலும் தேர்தல் முறை, எல்லை நிர்ணயம், நிதி ஆகியவற்றைச் சுற்றியே அமைகின்றன. நான் இங்கு எழுப்ப விரும்பும் கேள்வி சற்று வேறானது. மாகாண சபைகள் இல்லாத காலத்தில் இந்நாட்டின் சட்டங்கள் எவ்வாறு இயற்றப்படுகின்றன? ஒரு பிராந்தியத்தின் காணி, பாடசாலை, கிராமிய வைத்தியசாலை, விவசாயம் ஆகியவற்றைத் தொடும் சட்டமூலம் கொழும்பில் விவாதிக்கப்படும்போது, அப்பிராந்தியத்தின் சம்மதத்தை யாரிடம் கேட்பது?

கேட்க வேண்டும் என்ற கடப்பாடு

மாகாண சபையை, வீதி திருத்துவதற்கும் பாடசாலைக்கு ஆசிரியர் நியமிப்பதற்குமான ஒரு நிர்வாக அலகாகவே பலர் கருதுகின்றனர். 1987 நவம்பரில் நிறைவேறிய பதின்மூன்றாவது திருத்தம் அதனை அவ்வாறு மட்டும் அமைக்கவில்லை. அரசியலமைப்பின் 154ஜி உறுப்புரை, தேசிய சட்டவாக்கத்தில் மாகாண சபைக்கு ஓர் இடத்தை ஒதுக்கியது.

அதன்படி, மாகாண சபை நிரலில் உள்ள ஒரு விடயம் தொடர்பான சட்டமூலம் வர்த்தமானியில் வெளியிடப்பட்ட பின்னர், பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெறுவதற்கு முன்னர், ஜனாதிபதியால் ஒவ்வொரு மாகாண சபைக்கும் அனுப்பப்பட்டு அதன் கருத்துப் பெறப்பட வேண்டும். எல்லாச் சபைகளும் இணங்கினால் சாதாரண பெரும்பான்மை போதும். ஒரு சபையேனும் மறுத்தால், அதனை நாடு முழுவதற்குமான சட்டமாக்க மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவை. சில சபைகள் இணங்கிச் சில மறுத்த நிலையில் சாதாரண பெரும்பான்மையால் மட்டும் நிறைவேற்றினால், இணங்கிய மாகாணங்களுக்கு மட்டுமே அச்சட்டம் பொருந்தும். பதின்மூன்றாவது திருத்தத்தையே மாற்றுவதானாலும் இதே போன்று மாகாணங்களைக் கேட்டாக வேண்டும். ஒத்தியங்கு நிரலில் உள்ள விடயங்களுக்கு இவ்வளவு கண்டிப்பான ஏற்பாடு இல்லை. பாராளுமன்றம் பொருத்தமெனக் கருதும் விதத்தில் மாகாண சபைகளைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதே விதி.

இது வலிமையான தடையரண் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்றில் இரண்டு பெரும்பான்மை உள்ள அரசாங்கம் எந்த மாகாணத்தின் மறுப்பையும் தாண்டிச் செல்லலாம். ஆயினும் கேட்கும் கடப்பாடு ஒன்றுக்குச் சில விளைவுகள் உண்டு. சட்டமூலம் அவசரமாக நிறைவேற்றப்படுவது தாமதமாகிறது. அதன் வாசகங்கள் ஒன்பது இடங்களில் படிக்கப்படுகின்றன. யார் இணங்கினார், யார் மறுத்தார் என்பது பதிவாகிறது. மறுத்த மாகாணத்தின் விருப்பத்திற்கு மாறாகவே சட்டம் வந்தது என்பதை எந்த அரசாங்கத்தாலும் பின்னர் மறைக்க இயலாது.

இந்த ஏற்பாடு தமிழருக்காக மட்டும் பயன்பட்டதென எண்ணுவதும் தவறு. 2003இல் நீர்ச் சேவைகள் மறுசீரமைப்புச் சட்டமூலம் உயர் நீதிமன்றத்தில் சவாலுக்கு உட்படுத்தப்பட்டபோது, மாகாண சபைகளுக்கு அனுப்பப்படாமல் அதனை நிறைவேற்ற முடியாது என நீதிமன்றம் தீர்மானித்தது. அச்சட்டமூலம் சட்டமாகவில்லை. நீருக்குக் கட்டணம் விதிக்கப்படுமோ என அஞ்சியவர்களில் பெரும்பாலோர் தெற்கிலும் வடமத்தியிலும் வாழும் சிங்கள விவசாயிகளே. பதின்மூன்றாவது திருத்தத்தை வேண்டாத பொருளாகக் கருதியவர்களுக்கும் அது ஒரு தடவை வேலியாக நின்றது.

2012 கற்பித்த பாடம்

இந்த உறுப்புரையின் வலிமையும் வலுவீனமும் ஒருசேர வெளிப்பட்ட நிகழ்வு 2012இன் ‘வாழ்வின் எழுச்சி’ எனப்படும் திவிநெகும சட்டமூலமாகும். சமுர்த்தி அதிகாரசபை, தெற்கு அபிவிருத்தி அதிகாரசபை, மலைநாட்டு அபிவிருத்தி அதிகாரசபை ஆகியவற்றை ஒன்றிணைத்துப் பொருளாதார அபிவிருத்தி அமைச்சின்கீழ் ஒரு பெரும் திணைக்களத்தை உருவாக்குவது அதன் நோக்கம். கிராமிய அபிவிருத்தியும் சமூக சேவையும் மாகாண நிரலைத் தொடுவதால், சட்டமூலத்தை எல்லா மாகாண சபைகளுக்கும் அனுப்ப வேண்டும் என அவ்வாண்டு செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் கூறியது.

சட்டமூலம் அனுப்பப்பட்டது. அப்போது இயங்கிக்கொண்டிருந்த எட்டுச் சபைகளும் சில வாரங்களுக்குள் இணக்கம் தெரிவித்தன. தமது அதிகாரத்தைக் குறைக்கும் ஒரு சட்டத்திற்கு அவை கட்சித் தலைமையின் பணிப்பின்படி கை உயர்த்தின. எஞ்சியிருந்தது வடக்கு. அங்கு தேர்தலே நடத்தப்படாததால் சபை இருக்கவில்லை. ஆகவே, ஜனாதிபதியால் நியமிக்கப்பட்ட ஆளுநர் சபைக்குப் பதிலாகத் தாமே இணக்கம் தெரிவித்தார்.

இங்குதான் நீதிமன்றம் இன்று நாம் நினைவுகூர வேண்டிய ஒரு நிலைப்பாட்டை எடுத்தது. தெரிவு செய்யப்பட்ட சபையின் இணக்கத்தை ஆளுநர் வழங்க முடியாது. எனவே ஒன்பது மாகாணங்களும் இணங்கியதாகக் கொள்ளவியலாது. சட்டமூலத்தை நிறைவேற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவை, அதன் ஒரு பிரிவுக்குச் சர்வசன வாக்கெடுப்பும் தேவை என அது தீர்மானித்தது. சபை இல்லாமை சம்மதமாகாது என்பதே அத்தீர்மானத்தின் சாரம்.

அதன்பின் நடந்தவை அனைவரும் அறிந்தவை. பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிரான குற்றப்பிரேரணை 2012 நவம்பர் முதலாம் திகதி சபாநாயகரிடம் கையளிக்கப்பட்டது. 2013 ஜனவரி 8ஆம் திகதி திவிநெகும சட்டமூலம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் நிறைவேறியது. அதே வாரத்தில் குற்றப்பிரேரணையும் நிறைவேறி, அவர் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். அவர்மீதான குற்றச்சாட்டுகள் சொத்து, வங்கிக் கணக்கு போன்ற வேறு விடயங்கள் பற்றியவை என்று அன்றைய அரசாங்கத் தரப்பு வாதிட்டது. ஆனால் கால வரிசையைப் பார்ப்பவர்கள் தமது முடிவுக்குத் தாமே வந்தனர். மாகாணங்களைக் கேட்க வேண்டும் என்ற ஒரு வரியைத் தீவிரமாக எடுத்துக்கொண்டால் மத்திய அதிகாரம் எவ்வளவு தூரம் செல்லும் என்பது அன்று தெரிந்தது.

எட்டுச் சபைகள் தலையசைத்தன என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. சபைகள் இருப்பது மட்டும் போதாது; அவை தமது மாகாணத்திற்காகப் பேசவும் வேண்டும். ஆனால் பணிந்துபோன ஒரு சபையை அடுத்த தேர்தலில் மக்கள் தண்டிக்கலாம். இல்லாத சபையை என்ன செய்வது?

ஒரு சட்டத்தால் ஒன்பது வெற்றிடங்கள்

2013 செப்டெம்பர் 21ஆம் திகதி வட மாகாண சபைக்கான முதலாவது தேர்தல் நடைபெற்றது. அன்று வரிசையில் நின்று வாக்களித்தவர்களில் நானும் ஒருவன். 38 ஆசனங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பெற்றது. போர் முடிந்து நான்கு ஆண்டுகளே கடந்திருந்த நிலையில், மக்கள் தமக்கென ஒரு சபையை அமைத்த நாள் அது. அந்தத் தேர்தலே வடக்கின் கடைசி மாகாண சபைத் தேர்தலாகவும் நீடிக்கும் என்று அன்று எவரும் நினைக்கவில்லை. அன்று பதினேழு வயதாயிருந்த ஒருவர் 2025இல் இருபத்தொன்பது வயதை எட்டிவிட்டார். மாகாண சபைக்கு அவர் ஒரு தடவையேனும் வாக்களித்ததில்லை. தெற்கிலும் நிலைமை இதுவே. நாட்டின் கடைசி மாகாண சபைத் தேர்தல் ஊவாவில் 2014 செப்டெம்பரில் நடைபெற்றது.

இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது என்பதை ஒழுங்காக நினைவிற் கொள்வது அவசியம். 2017 செப்டெம்பரில் கிழக்கு, வடமத்தி, சப்ரகமுவ ஆகிய மூன்று சபைகளின் பதவிக்காலம் முடிவடையும் தறுவாயில் இருந்தது. அப்போதைய நல்லாட்சி அரசாங்கம் தேர்தலுக்குத் தயாராக இருக்கவில்லை. எல்லாச் சபைகளுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடத்துவதற்கென இருபதாவது திருத்தச் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தது. அது மாகாணங்களுக்கு அனுப்பப்பட்டது. கிழக்கு இணங்கியது, வடக்கு மறுத்தது. மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் சர்வசன வாக்கெடுப்பும் தேவை என உயர் நீதிமன்றம் தீர்மானித்ததும் அரசாங்கம் அதனைக் கைவிட்டது.

நேர்வழி அடைபட்ட அதே வாரத்தில் பக்கவழி திறந்தது. வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு இடமளிப்பதற்கான ஒரு சிறிய சட்டமூலம் பாராளுமன்றத்தின் முன் இருந்தது. குழுநிலையில் அதற்குள் பக்கம் பக்கமாகத் திருத்தங்கள் நுழைக்கப்பட்டன. உறுப்பினர்களில் பாதிப்பேர் தொகுதி முறையிலும் பாதிப்பேர் விகிதாசார முறையிலும் தெரிவாகும் புதிய தேர்தல் முறையொன்று ஒரே நாளில் சட்டமாயிற்று. இலங்கையில் ஒரு சட்டமூலத்தை நிறைவேறுவதற்கு முன்னரே நீதிமன்றத்தில் சவாலுக்கு உட்படுத்தலாம். சட்டமான பின் அது முடியாது. குழுநிலையில் நுழைக்கப்பட்ட திருத்தங்களை நீதிமன்றம் பார்த்திருக்கவே இல்லை. மாகாண சபைகளும் பார்த்திருக்கவில்லை. தேர்தல்கள் மத்தியின் ஒதுக்கிய நிரலில் இருப்பதால் அவற்றைக் கேட்கும் கடப்பாடு இருக்கவில்லை.

புதிய முறைக்கு எல்லை நிர்ணயம் வேண்டும். எல்லை நிர்ணயக் குழுவின் அறிக்கை 2018 ஓகஸ்ட் 24ஆம் திகதி பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139 வாக்குகள். ஆதரவாக ஒரு வாக்கேனும் இல்லை. அறிக்கையைச் சபையில் முன்வைத்த அரசாங்கத்தின் உறுப்பினர்களே அதற்கு எதிராக வாக்களித்தனர். தமது பிரதிநிதித்துவம் குறையும் என்ற முஸ்லிம் கட்சிகளின் அச்சத்தில் நியாயம் இருந்தது என்பதே எனது கருத்து. ஆனால் அறிக்கையை நிராகரித்தவர்கள் பழைய முறையையும் மீட்டெடுக்கவில்லை. பிரதமர் தலைமையிலான மீளாய்வுக் குழு இரண்டு மாதங்களில் தனது அறிக்கையைத் தந்திருக்க வேண்டும், தரவில்லை. அந்த ஒக்டோபரில் நாடு வேறொரு அரசியலமைப்பு நெருக்கடிக்குள் விழுந்தது. அடுத்த ஆண்டு, புதிய சட்டவாக்கம் இன்றிப் பழைய முறையில் தேர்தல் நடத்த முடியாது என உயர் நீதிமன்றம் ஜனாதிபதிக்கு அபிப்பிராயம் தெரிவித்தது. 2019 ஒக்டோபரில் ஊவாவின் பதவிக்காலமும் முடிய, ஒன்பது சபைகளும் வெறுமையாயின.

இந்த விடயத்தில் எமது தரப்பின் பொறுப்பையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2017 சட்டத்திற்குத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் ஆதரவாக வாக்களித்தது. புதிய அரசியலமைப்பு வந்துவிடும் என்ற எதிர்பார்ப்பில் கையில் இருந்ததை அது விட்டுக்கொடுத்தது. பழைய விகிதாசார முறைக்குத் திரும்புவதற்கான தனிநபர் சட்டமூலத்தை எம். ஏ. சுமந்திரன் பின்னர் சமர்ப்பித்தார். 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்படும்வரை அது சட்டமாகவில்லை. வட மாகாண சபை இயங்கிய ஐந்தாண்டுகளிலும், நூற்றுக்கணக்கான தீர்மானங்கள் நிறைவேறிய அளவுக்கு நியதிச் சட்டங்கள் இயற்றப்படவில்லை. கிடைத்த கருவியை உரிய முறையில் பயன்படுத்தவில்லை என்ற விமர்சனத்தை நாம் ஏற்க வேண்டும்.

மாற்றத்தின் காலமும் பெரும்பான்மையின் ஆசையும்

2022இன் மக்கள் எழுச்சி ஒரு ஜனாதிபதியை நாட்டைவிட்டு ஓடச் செய்தது. 2024 செப்டெம்பரில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். அவ்வாண்டு நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐ வென்றது. மட்டக்களப்பு தவிர்ந்த எல்லா மாவட்டங்களிலும், யாழ்ப்பாணம், வன்னி உட்பட, அக்கட்சியே முதலிடம் பெற்றது. பழைய ஆளும் குடும்பங்களின் ஆதிக்கம் சரிந்த இந்த மாற்றத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இனவாதத்தை மூலதனமாக்காமல் ஒரு கட்சி இவ்வளவு பெரிய வெற்றியைப் பெற்றமை சாதாரண விடயமன்று.

ஆயினும் வரலாறு ஓர் எச்சரிக்கையை விடுக்கிறது. 1970இல் ஐக்கிய முன்னணி மூன்றில் இரண்டுக்கு மேற்பட்ட பலத்துடன் வந்து 1972 அரசியலமைப்பை இயற்றியது. தமிழரசுக் கட்சி முன்வைத்த சமஷ்டி யோசனை நிராகரிக்கப்பட, அக்கட்சி 1971 யூனில் அரசியலமைப்புப் பேரவையைவிட்டு வெளியேறியது. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி ஆறில் ஐந்து பலத்துடன் வந்து 1978 அரசியலமைப்பை இயற்றியது. இரண்டு அரசாங்கங்களும் மக்களின் ஆணை தமக்கு உண்டென்றே கூறின. அது பொய்யுமன்று. ஆனால் நாடு முழுவதன் எண்ணிக்கையும் ஒவ்வொரு பிராந்தியத்தின் சம்மதமும் ஒன்றல்ல என்பதை அவை கருத்திற் கொள்ளவில்லை. அதன் விலையை முப்பது ஆண்டுகள் எல்லோரும் சேர்ந்து செலுத்தினோம்.

இப்போது ஆளும் தரப்பை ஆதரிப்போர் ஒரு வாதத்தை முன்வைக்கின்றனர். வடக்கு மக்களே தேசிய மக்கள் சக்திக்கு வாக்களித்துவிட்டார்கள். பாராளுமன்றத்தில் அவர்களுக்கு ஆளும் கட்சி உறுப்பினர்களே இருக்கிறார்கள். பிறகெதற்கு மாகாண சபை என்பதே அது. இந்த வாதம் பிரதிநிதித்துவத்தின் இரண்டு வகைகளைக் குழப்புகிறது. பாராளுமன்ற உறுப்பினர் தமது கட்சியின் கொறடாவுக்குக் கட்டுப்பட்டவர். ஒரு சட்டமூலம் தமது மாகாணத்திற்கு உகந்ததல்ல எனக் கருதினாலும் அவர் பெரும்பாலும் கட்சியுடனேயே வாக்களிப்பார். மாகாண சபைக்கு 154ஜி உறுப்புரை வழங்கும் உரிமை, மாகாணமாக நின்று பதிலளிக்கும் உரிமையாகும். மேலும், 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கின் பல சபைகளில் இலங்கைத் தமிழரசுக் கட்சி முன்னிலைக்குத் திரும்பியது. ஆறே மாதங்களில் மக்கள் தேர்தலுக்குத் தேர்தல் வேறுபடுத்தி வாக்களித்தனர். பொதுத் தேர்தலில் அளித்த வாக்கை அதிகாரப் பகிர்வு வேண்டாம் என்ற வாக்காக அவர்கள் கருதவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்த உள்ளூராட்சித் தேர்தலும் இலகுவாக வந்ததன்று. 2023இல் நடைபெற வேண்டியது நிதியில்லை எனத் தள்ளிப்போடப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே நடைமுறைப்படுத்தக்கூடிய தேர்தல் சட்டம் ஒன்று இருந்தது. ஆகவே நீதிமன்றத்தால் கட்டளையிட முடிந்தது. மாகாண சபை விடயத்தில் நடைமுறைப்படுத்தக்கூடிய சட்டமே இல்லாதவாறு பாராளுமன்றம் பார்த்துக்கொண்டது.

வெறுமையின் விலை

இது சட்ட நுணுக்கம் பற்றிய விவாதம் மட்டுமே என எண்ணக்கூடாது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மத்திய, ஊவா மாகாணங்களின் மலைச்சரிவுகளில் ஏற்பட்ட அழிவு மிகப் பெரியது. மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் வாழும் மக்களை எங்கே குடியமர்த்துவது, அவர்களுக்கு எந்தக் காணியை என்ன உரித்துடன் வழங்குவது, இடிந்த பாடசாலைகளை எங்கே கட்டுவது என்பன போன்ற கேள்விகள் எழுந்தன. தோட்ட லயன்களில் தலைமுறைகளாகக் காணியுரிமை இன்றி வாழும் மலையகத் தமிழருக்கு இவை வாழ்வா சாவா என்ற கேள்விகள். காணியும் வீடமைப்பும் பாடசாலைகளும் மாகாணத்துடன் தொடர்புடைய விடயங்கள். ஆனால் மத்திய மாகாணத்தில் 2018 முதல், ஊவாவில் 2019 முதல், இக்கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட சபை கிடையாது. ஆளுநரும் அதிகாரிகளும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் அர்ப்பணிப்புடன் உழைத்தார்கள். ஆனால் ஆளுநர் ஜனாதிபதிக்கே பொறுப்புடையவர். பதுளையிலோ நுவரெலியாவிலோ வாழும் ஒருவர் அவரைத் தேர்தலில் மாற்ற முடியாது.

கல்வியையும் எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டின் ஏறத்தாழ பத்தாயிரம் அரச பாடசாலைகளில் நானூறுக்கும் குறைவானவையே தேசிய பாடசாலைகள். எஞ்சியவை மாகாணப் பாடசாலைகள். கல்விச் சீர்திருத்தம் எவ்வளவு நல்லதாயினும் அதனை நடைமுறைப்படுத்த வேண்டியவை அந்த மாகாணப் பாடசாலைகளே. சீர்திருத்தம் கிளிநொச்சியின் ஒரு கிராமப் பாடசாலையில் எப்படி வேலை செய்யும் என்று கேட்க ஒரு மாகாணக் கல்வி அமைச்சர்கூட நாட்டின் எந்த மூலையிலும் இல்லை.

2012இல் ஒரு மாகாணத்தில் சபை இல்லாமையைச் சம்மதமாகக் கொள்ள நீதிமன்றம் மறுத்தது. இன்று ஒன்பதிலும் சபை இல்லை. கேட்பதற்கு எவருமே இல்லாதபோது, கேட்க வேண்டும் என்ற விதி வெறும் எழுத்தாகவே எஞ்சுகிறது. கேட்க வேண்டியவரே, பதிலளிக்க வேண்டிய சபைகள் இருக்க வேண்டுமா என்பதையும் முடிவு செய்கிறார். இந்த அமைப்பின் அடிப்படைக் கோளாறு இதுதான்.

செய்யக்கூடியவை

மாற்றத்தின் காலத்தில் இந்தச் சிக்கலை எதிர்கொண்ட ஒரே நாடு நாமல்லோம். நிறவெறி ஆட்சி முடிவடைந்த பின்னர் தென்னாபிரிக்கா தனது அரசியலமைப்பை வரைந்தபோது, அங்கும் ஒன்பது மாகாணங்கள் இருந்தன. அங்கும் ஒரு கட்சி மிகப் பெரிய பெரும்பான்மையுடன் இருந்தது. 1996இல் முதல் வரைவு அரசியலமைப்பு நீதிமன்றத்தின் முன் சென்றபோது, முன்னர் இணங்கிய கோட்பாடுகளை விட மாகாணங்களின் அதிகாரம் கணிசமாகக் குறைந்திருப்பதையும் ஒரு காரணமாகக் காட்டி, அதனைச் சான்றுப்படுத்த நீதிமன்றம் மறுத்தது. வரைவு திருத்தப்பட்டது. மாகாணத்திற்குப் பத்துப் பேர் வீதம் 90 பேர் கொண்ட மாகாணங்களின் தேசிய பேரவை அங்கு இரண்டாவது சபையாக அமைந்தது. மாகாணங்களைத் தொடும் சட்டமூலங்களில் ஒவ்வொரு மாகாணத்திற்கும் ஒரு வாக்கு. கட்சிக் கட்டுப்பாடு அங்கும் மாகாணக் குரலை மங்கச் செய்கிறது என்பது உண்மையே. ஆனால் அந்தச் சபையை இல்லாமற் செய்யும் வழி, ஒரு சாதாரண தேர்தல் சட்டத்தின் குழுநிலைத் திருத்தத்தில் ஒளிந்திருக்கவில்லை.

எமது நிலையில் மூன்று விடயங்கள் சாத்தியமானவை எனக் கருதுகிறேன். முதலாவதாக, 2017 திருத்தத்திற்கு முன்னிருந்த விகிதாசார முறையில் ஒரு தடவை தேர்தலை நடத்துவதற்கான குறுகிய சட்டமொன்றை அரசாங்கம் கொண்டுவர வேண்டும். பெண்களுக்கான ஒதுக்கீட்டை அதில் தக்கவைக்கலாம். சிறந்த தேர்தல் முறை எது என்ற விவாதம் சபைகள் அமைந்த பின் தொடரட்டும். மாகாண சபைத் தேர்தலை ஓராண்டுக்குள் நடத்துவதாகத் தேசிய மக்கள் சக்தி தனது தேர்தல் விஞ்ஞாபனத்தில் கூறியிருந்தது. 2025 முடிந்தபோதும் அது நடக்கவில்லை. 159 ஆசனங்களைக் கொண்ட அரசாங்கம் இதற்குப் பெரும்பான்மை இல்லையென்று கூற முடியாது.

இரண்டாவதாக, சபைகள் அமையும்வரை, மாகாண நிரலைத் தொடும் சட்டமூலங்களை அரசாங்கம் அவசரப்படாமல் அணுக வேண்டும். அவற்றை மூன்று மொழிகளிலும் முன்கூட்டியே வெளியிட்டு, அந்தந்த மாகாணத்தின் உள்ளூராட்சி சபைகளின் கருத்தையேனும் பெறலாம். இதற்குச் சட்டம் தேவையில்லை. அரசியல் நாகரிகம் போதும்.

மூன்றாவதாக, 2015 முதல் 2019 வரை நடந்த அரசியலமைப்புப் பணியை நிறைவுசெய்வதாகவும் இதே விஞ்ஞாபனம் கூறியது. அப்பணி தொடங்கும்போது, மாகாண சபைத் தேர்தலின் கால எல்லை அரசியலமைப்பிலேயே எழுதப்பட வேண்டும். பாராளுமன்றம் மௌனமாக இருந்தாலும் தேர்தல் நடந்தே தீரும் என்ற ஏற்பாடு வேண்டும். சட்டமூலத்தின் தன்மையையே மாற்றும் குழுநிலைத் திருத்தங்கள் மீண்டும் நீதிமன்றப் பரிசீலனைக்கு உட்பட வேண்டும். 2017இல் முன்மொழியப்பட்ட இரண்டாவது சபை யோசனையை மீண்டும் மேசைக்குக் கொண்டுவர வேண்டும்.

பதின்மூன்றாவது திருத்தம் ஒரு தீர்வல்ல, அதைப் பற்றிப் பேசுவதே வீண் என்று எம்மவர்களில் ஒரு சாரார் கூறுகின்றனர். அது இறுதித் தீர்வல்ல என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் புதிய அரசியலமைப்புக்கான சட்டமூலம் ஒன்று நாளை வருமானால், இருக்கின்ற அரசியலமைப்பின்கீழ் அதைப் பற்றி மாகாணங்களின் கருத்தைக் கேட்க வேண்டிய இடம் மாகாண சபைதான். அன்று வடக்கிலும் கிழக்கிலும் சபைகள் இல்லையெனில், எமது எதிர்காலத்தை நிர்ணயிக்கும் சட்டத்தைப் பற்றி மாகாணமாக நின்று கருத்துச் சொல்லும் உரிமை எமக்கு இராது. தென் மாகாணத்தவருக்கும் மத்திய மாகாணத்தவருக்கும் அதே நிலைதான். ஆகவே மாகாண சபைத் தேர்தல், புதிய அரசியலமைப்பு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என ஒதுக்கக்கூடிய விடயமன்று. 2017இல் அந்த வரிசையை மாற்றி யோசித்ததன் விளைவை நாம் இன்னமும் அனுபவித்துக்கொண்டிருக்கிறோம். முதலில் சபைகள் அமையட்டும். அதன்பின் புதிய அரசியலமைப்பை அவற்றின் முன் வைக்கட்டும்.